மணி வேறு, மணித்தியாலம் வேறு: பிஎச்பியில் நேரத்தைத் திரையில் காட்டும் முறை

தேயிலைக் கொழுந்து நிறுவையைக் காட்டும் ஓர் இணையப் பக்கம். காலை நிறுவை 09:05, மதிய நிறுவை 12:05, மாலை நிறுவை 16:05. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறையில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் உறுத்தும்: எந்தத் தோட்டத்தில் மூன்று நிறுவையும் சொல்லிவைத்தாற்போல மணிக்கு ஐந்து நிமிடம் கழித்தே நடக்கிறது? ஒரு மாதம் பொறுத்தால் அன்றைய பட்டியல் முழுவதும் 09:06, 12:06, 16:06 என்று வரும். நிமிடம் இருக்கவேண்டிய இடத்தில் மாதம் உட்கார்ந்திருக்கிறது. நிறுவை நடந்தது மே மாதத்தில்.

இணையப் பக்கங்களை எழுதும் பிஎச்பி நிரல்மொழியில், நேரத்தை எழுத்தாக்கித் தரும் டேட் பங்ஷனில் சிம்பிள் எம் (ஆங்கிலச் சிறிய எழுத்து) என்றால் மாதம். நிமிடத்துக்கு சிம்பிள் ஐ. இந்தத் தவறு அடிக்கடி வரக் காரணம், பக்கத்து வீட்டில் வழக்கம் வேறாக இருப்பது. பிஎச்பிக்கு உள்ளேயே இருக்கும், பல மொழி வடிவங்களுக்கான இன்ட்ல் நீட்சியில் சிம்பிள் எம் இரண்டு போட்டால் நிமிடம், கெப்பிட்டல் எம் இரண்டு போட்டால் மாதம். தரவைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல் பக்கம் போனால் நூற்றுவீதக் குறியோடு சிம்பிள் ஐ நிமிடம், சிம்பிள் எம் மாத எண், கெப்பிட்டல் எம் மாதத்தின் ஆங்கிலப் பெயர். ஒன்றில் பழகிய கை மற்றதில் தட்டுகிறது. பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் கேட்டதைத்தான் நிரல் கொடுக்கிறது.

டேட் பங்ஷனின் குறியெழுத்துகளில் நேரத்துக்குத் தேவையானவை கொஞ்சம்தான். போனில் ஒருவருக்குச் சொல்வதுபோல கெப்பிட்டல், சிம்பிள் என்றே இங்கே தருகிறோம். நிரலில் தட்டும்போது ஆங்கில எழுத்தாகவே போடவேண்டும்.

கெப்பிட்டல் எச்: 24 மணிக் கணக்கு, எப்போதும் இரண்டு இலக்கம், 00 முதல் 23 வரை.
கெப்பிட்டல் ஜீ: அதே 24 மணிக் கணக்கு, முன்னால் பூச்சியம் இல்லை, 0 முதல் 23 வரை.
சிம்பிள் எச்: 12 மணிக் கணக்கு, 01 முதல் 12 வரை.
சிம்பிள் ஜீ: 12 மணிக் கணக்கு, முன்னால் பூச்சியம் இல்லை.
சிம்பிள் ஐ: நிமிடம், 00 முதல் 59 வரை.
சிம்பிள் எஸ்: செக்கன், 00 முதல் 59 வரை.
சிம்பிள் ஏ, கெப்பிட்டல் ஏ: ஏஎம், பிஎம் என்ற ஆங்கிலச் சுருக்கம், சிறிய எழுத்தில் அல்லது பெரிய எழுத்தில்.
கெப்பிட்டல் பி: உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள இடைவெளி. இலங்கையில் நமக்கு +05:30.
சிம்பிள் சி: இயந்திரம் வாசிக்கும் முழு வடிவம், திகதியும் நேரமும் இடைவெளியும் சேர்ந்து.

திகதிக்கு சிம்பிள் டி (01), சிம்பிள் ஜே (1), சிம்பிள் எம் (05), சிம்பிள் என் (5), கெப்பிட்டல் வை (2025). அவ்வளவு போதும்.

எதைக் காட்டப்போகிறோம்?

போர்மட் எழுத்தைத் தேடுவதற்கு முன்னால் கையில் இருப்பது என்ன வகை என்று கேட்டுக்கொண்டால் பாதித் தவறு வராது. நம் பேச்சுத் தமிழிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. "எட்டு மணிக்குப் பிரட்டு" (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடிப் பெயர் பதிவது) என்கிறோம். "எட்டு மணித்தியாலம் வேலை" என்கிறோம். முன்னது கடிகாரத்தில் ஒரு புள்ளி, பின்னது ஒரு நீளம். இரண்டையும் மாற்றிச் சொல்பவர் யாருமில்லை. ஆனால் நிரலில் இரண்டையும் ஒரே டேட் பங்ஷனுக்குள் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர்.

மணியிலும் இரண்டு வகை உண்டு. கொழுந்து நிறுக்கப்பட்ட நேரம் என்பது நடந்து முடிந்த ஒரு கணம். உலகில் எங்கிருந்து பார்த்தாலும் அது ஒன்றே. ஹட்டனிலிருந்து பஸ் 6.15க்குப் புறப்படும் என்பது அப்படியல்ல. அது எந்த நாளோடும் ஒட்டாத அட்டவணை நேரம். அதற்கு நேர வலய மாற்றமே செய்யக்கூடாது. செய்தால் 6.15 பஸ் 11.45க்குப் போகும்.

சேமிக்கும் முறையும் இதன்படி பிரியும். நடந்த கணத்தை உலகப் பொது நேரத்தில், திகதியோடு சேர்த்து வையுங்கள். அட்டவணை நேரத்தை மைஎஸ்கியூஎல்லின் டைம் வகைக் களத்தில் வையுங்கள். நீளத்தை முழு எண்ணாக, செக்கனிலோ நிமிடத்திலோ வையுங்கள். டைம் வகை 838 மணித்தியாலம் 59 நிமிடம் 59 செக்கன் வரை ஏற்கும் என்பதால் நீளத்தையும் அதற்குள்ளேயே போடுவோர் உண்டு. மாதக் கூட்டுத்தொகை எடுக்கும்போது அவஸ்தைப்படுவார்கள்: டைம் வகையை அப்படியே கூட்டினால் 08:30:00 என்பது 83000 என்ற எண்ணாக மாறிக் கூடும்.

ஐந்தரை மணித்தியாலம்

பிஎச்பிக்கு வலயம் எதுவும் சொல்லாவிட்டால் அது உலகப் பொது நேரத்தையே எடுத்துக்கொள்ளும். சேர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. நிரலின் முதல் கோப்பில் இயல்பு வலயத்தை ஏசியா, சாய்கோடு, கொலம்போ என்று ஒரு தரம் அமைத்துவிடுங்கள்.

அமைக்காமல் விட்டால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கும். பகலில் இது உடனே தெரிந்துவிடும். நள்ளிரவுக்கும் 5.30க்கும் இடையில் பதியப்படுபவற்றில்தான் ஆபத்து: நேரத்தோடு திகதியும் ஒருநாள் பின்னால் போகும். நுவரெலியாவிலிருந்து மரக்கறி லொறி அதிகாலை 2 மணிக்கு ஏற்றப்பட்டால் பதிவில் முந்தைய நாள் இரவு 8.30 என்று விழும். பக்கத்தில் திகதியை மட்டும் காட்டினால் நேரம் கண்ணில் படாது. அன்றைய கணக்கு ஏன் ஒட்டவில்லை என்று ஒருவர் நாள் முழுக்கத் தேடுவார். பால் சேகரிக்கும் நிலையங்களுக்கும் இதே கதைதான்.

இணையப் பக்கத்துக்கு வலயம் சரியாக இருந்தும், காலையில் தானாக ஓடும் வேலையில் தவறாக இருக்கலாம். கட்டளை வரியில் ஓடும் பிஎச்பிக்குப் பல சேர்வர்களில் தனி அமைப்புக் கோப்பு உண்டு. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரோன் தன் பங்குக்கு சேர்வரின் இயங்குதள நேரத்தைப் பார்க்கும். ஆறு மணிக்குப் போகவேண்டிய குறுஞ்செய்தி 11.30க்குப் போனால் முதலில் பார்க்கவேண்டிய இடம் க்ரோன்.

சேமித்த கணத்தைக் காட்டும் படிகள் இவை. டேட்டாபேஸ் இணைப்பு திறந்ததும் அந்த இணைப்பின் நேர வலயத்தை +00:00 என்று அமையுங்கள். வரும் எழுத்துச்சரத்தை டேட்டைம்-இம்மியூட்டபிள் (தானே மாறாத நேர மதிப்பு) ஆக்குங்கள். ஆக்கும்போது இரண்டாவது அளபுருவாக யூடிசி (உலகப் பொது நேர) வலயத்தைக் கொடுங்கள். பிறகு செட்டைம்ஸோன் மூலம் கொலம்போவுக்கு மாற்றுங்கள். போர்மட் கடைசி. இந்த நான்கில் ஒன்றைத் தாண்டினாலும் விடை பிசகும்.

மைஎஸ்கியூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகை, இணைப்பின் வலயத்துக்கு ஏற்பத் தானாக மாறி வரும். டேட்டைம் வகை மாறாது. போட்டது போட்டபடி வரும். ஒரே அட்டவணையில் இரண்டு வகையும் இருந்து, இணைப்பின் வலயம் இலங்கை நேரமாக இருந்தால், ஒரு களம் சரியாகவும் மற்றது பிழையாகவும் தெரியும். இணைப்பை +00:00 ஆக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு நுணுக்கம். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய செக்கன்களை ஆட்-குறியோடு (@) சேர்த்து டேட்டைம்-இம்மியூட்டபிளுக்குக் கொடுத்தால், நீங்கள் கொடுக்கும் வலயத்தை அது கண்டுகொள்ளாது. உலகப் பொது நேரமாகவே எடுக்கும். சரத்திலேயே +05:30 போன்ற இடைவெளி எழுதியிருந்தாலும் நீங்கள் கொடுக்கும் வலயம் எடுபடாது, எழுதிய இடைவெளியே எடுபடும். ஆகவே செட்டைம்ஸோனைத் தனி வரியாக எழுதும் பழக்கமே நல்லது. இம்மியூட்டபிள் என்பதால் அது திருப்பித் தரும் புதிய மதிப்பைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். பிடிக்காமல் விட்டால் பழையதே இருக்கும். வெறும் டேட்டைமைப் பயன்படுத்தினால் பிரச்சினை மறுபக்கம்: முடிவு நேரம் கணக்கிட எட்டு மணித்தியாலம் கூட்டினால் தொடக்க நேரமும் சேர்ந்து நகரும்.

19800 செக்கனைக் கூட்டிவிட்டால் போதாதா?

ஐந்தரை மணித்தியாலம் என்றால் 19800 செக்கன். வலயம் எதற்கு, கூட்டிவிடலாமே என்று தோன்றும். இன்றைய நேரத்துக்குச் சரியாகவே வரும். இலங்கையின் கடிகாரம் எப்போதும் ஐந்தரையில் நிற்கவில்லை என்பதுதான் சிக்கல்.

1996இல் வரட்சியால் நீர்மின்சாரம் தட்டுப்பட்டபோது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, மே 25 அன்று கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. இடைவெளி ஆறரை ஆனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரை மணித்தியாலம் பின்வந்து ஆறில் நின்றது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான், புத்தாண்டு முடிந்த கையோடு, பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. கொலம்போ வலயத்தின் தரவில் இவை அத்தனையும் இருக்கின்றன. 19800க்குள் எதுவும் இல்லை.

பத்து வருடத்துப் பழைய கதை யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். சாதகம் கணிக்கும் தளம் எழுதுகிறவருக்கு வேண்டும். அந்தப் பத்து ஆண்டுகளில் பிறந்தவர்கள் இப்போது கலியாண வயதில் இருக்கிறார்கள். பிறப்புக் குறிப்பில் இருப்பது அன்றைய சுவர்க்கடிகார நேரம். 2001இல் காலை 7.15க்குப் பிறந்தவருக்கு உலகப் பொது நேரம் 1.15, ஐந்தரையைக் கழித்தால் 1.45 என்று வரும். லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு ராசி நகர்கிறது. அரை மணித்தியாலத் தவறு கால் ராசி. ராசி எல்லையில் பிறந்தவருக்கு லக்கினமே மாறிவிடும். 1996 மே 25க்கும் ஒக்டோபர் 26க்கும் இடையில் பிறந்தவர்களுக்குத் தவறு முழுசாக ஒரு மணித்தியாலம்.

மாற்றம் நடந்த இரவுகளில் விசித்திரங்களும் உண்டு. 1996 மே 25 அன்று நள்ளிரவு 12.30 என்று ஒரு நேரமே இருக்கவில்லை. கொடுத்தால் பிஎச்பி அதை 1.30 ஆக்கிவிடும். 2006 ஏப்ரல் 15 அன்று நள்ளிரவுக்குப் பிந்திய முதல் அரை மணித்தியாலம் இரண்டு தரம் வந்தது. இந்த இரண்டு நாளுக்கும் பயனரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம்.

தமிழில் காட்டுவது

டேட் பங்ஷன் மாதம், கிழமை, ஏஎம், பிஎம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் தரும். தமிழுக்கு முன்பு ஸ்ட்ர்எஃப்டைம் பங்ஷனைக் காட்டுவார்கள். அது பிஎச்பி 8.1 முதல் கைவிடப்பட்ட பட்டியலில் இருக்கிறது. சேர்வரில் தமிழ் மொழிப்பொதி இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். புதிதாக எழுதும் எதிலும் அது வேண்டாம்.

இன்ட்ல் நீட்சியின் டேட்-போர்மட்டர் தமிழை நன்றாகவே தரும். ஆனால் அதன் மாதப் பெயர்கள் தமிழ்நாட்டு வழக்கில் வரும்: பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர். நம் பாடப்புத்தகமும் அரச கடிதமும் பெப்ரவரி, ஓகஸ்ட், ஒக்டோபர் என்று எழுதுகின்றன. பிழையென்று சொல்வதற்கில்லை, இலங்கை வாசகருக்கு அந்நியமாகப் படும், அவ்வளவுதான். தவிர அந்த நூலகத்தின் தரவு பதிப்புக்குப் பதிப்பு மாறும்; ஆங்கில நேரத்தில் பிஎம்முக்கு முன் இருந்த சாதாரண இடைவெளி ஒரு பதிப்பில் வேறுவகைக் குறுகிய இடைவெளியாக மாறி, சரத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்த நிரல்கள் பல உடைந்தன. பன்னிரண்டு மாதப் பெயரையும் ஏழு கிழமையையும் நீங்களே ஒரு வரிசையில் எழுதி, மாதத்தைச் சிம்பிள் என் தரும் எண்ணாலும் கிழமையைக் கெப்பிட்டல் என் தரும் எண்ணாலும் எடுப்பதே எங்கள் பரிந்துரை. இருபது வரி. சேர்வரை மாற்றினாலும் மாறாது.

இன்ட்ல்லைத்தான் பயன்படுத்துவதென்றால் ஆண்டுக்குச் சிம்பிள் வை போடுங்கள். அங்கே கெப்பிட்டல் வை என்பது வாரக் கணக்கின் ஆண்டு. 2024 டிசம்பர் 31ஐ அது 2025 டிசம்பர் 31 என்று காட்டும். வருடம் முழுக்கச் சரியாக ஓடிவிட்டு கடைசிச் சில நாளில் மட்டும் வரும் பிழை. அந்த நேரம் பார்த்து அலுவலகத்தில் யாரும் இருக்கவும் மாட்டார்கள்.

டேட் பங்ஷனின் போர்மட் சரத்துக்குள் தமிழ்ச் சொற்களை அப்படியே எழுதலாம். குறியெழுத்தாக எடுக்கப்படுபவை ஆங்கில எழுத்துகள் மட்டுமே என்பதால் "மணி" என்ற சொல் தொடாமல் வெளியே வரும். ஆங்கிலச் சொல்லை எழுதினால்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் முன் பின்சாய்கோடு வேண்டும். கோப்பை யூடிஎஃப்-8இல், தொடக்க பைட் குறி இல்லாமல் சேமியுங்கள். அந்தக் குறி இருந்தால் பக்கத்துக்கு முன்னமே ஏதோ வெளியேறிவிட்டதாக பிஎச்பி முறையிடும்.

இனி மு.ப., பி.ப. கெப்பிட்டல் ஜீ தரும் எண் 12க்குக் குறைவென்றால் மு.ப., இல்லையென்றால் பி.ப.; மணிக்கு சிம்பிள் ஜீ, ஒரு புள்ளி, நிமிடத்துக்கு சிம்பிள் ஐ. "பி.ப. 3.30" கிடைக்கும். சரியாக 12.00க்கு மட்டும் விதிவிலக்கு வையுங்கள். "பி.ப. 12.00" என்றால் பகலா இரவா என்று பாதிப் பேர் தயங்குவார்கள், "நண்பகல் 12.00", "நள்ளிரவு 12.00" என்றால் தயக்கமில்லை. விண்ணப்பத்தின் கடைசி நேரத்தை நள்ளிரவு 12 என்று போடவே போடாதீர்கள். அது 14ஆம் திகதி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? இரவு 11.59 என்று போட்டால் தொலைபேசி அழைப்பு குறையும்.

கோயில் அறிவித்தல், நிகழ்ச்சி நிரல் போன்றவற்றுக்கு காலை, மாலை என்று எழுதுவது இன்னும் இதமாக இருக்கும். மணி எண்ணை வைத்து இப்படிப் பிரிக்கலாம்: 0 நள்ளிரவு, 1 முதல் 5 வரை அதிகாலை, 6 முதல் 11 வரை காலை, 12 பகல், 13 முதல் 15 வரை பிற்பகல், 16 முதல் 18 வரை மாலை, அதன் பின் இரவு. எல்லைகளில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு, சண்டை போடத் தேவையில்லை. 1, 2 மணியை மட்டும் இரவு என்று எழுதாதீர்கள். "சனிக்கிழமை இரவு 2 மணி" என்றால் கேட்பவருக்கு அது சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் இரவு. நிரலுக்கு அது வெள்ளி முடிந்த இரவு.

சில சின்ன விஷயங்கள். "பி.ப." வரி முடிவிலும் "3.30" அடுத்த வரியிலும் விழாமல் இருக்க, இடையில் உடையாத இடைவெளி போடுங்கள். பக்கத்தில் நேரத்தை டைம் என்ற டேக்குக்குள் வைத்து, அதன் டேட்டைம் பண்பில் சிம்பிள் சி தரும் முழு வடிவத்தை வையுங்கள். அட்டவணையை வரிசைப்படுத்தும்போது அதையே பயன்படுத்தலாம். காட்டும் சரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் 10.15 வந்து 9.40க்கு முன்னால் நிற்கும். தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70 குறியீடுதான் இடம், "பிற்பகல்" அதில் எட்டு, "பி.ப." ஐந்து. கட்டாரில் இருக்கும் மகளும் துபாயில் இருக்கும் மகனும் ஊர்த் திருவிழா நேரலையைப் பார்க்கப்போகிறார்கள் என்றால் நேரத்தோடு "இலங்கை நேரம்" என்ற இரண்டு சொல்லையும் சேருங்கள். அவர்களுக்கு நம்மைவிட முறையே இரண்டரையும் ஒன்றரையும் மணித்தியாலம் பின்னால்.

மணித்தியாலத்தைக் காட்டுவது

தொழிற்சாலையில் கொழுந்தை மாலை 6.40க்கு வாட்டலுக்குப் போட்டு மறுநாள் காலை 7.25க்கு எடுத்தால் 12 மணித்தியாலம் 45 நிமிடம். செக்கனில் 45900. இந்த எண்ணை டேட் பங்ஷனுக்குக் கொடுத்தால் வருவது 18:15. பங்ஷன் அதை 1970 ஜனவரி 1இன் ஒரு கணமாக எடுத்து, இலங்கை நேரத்துக்காக ஐந்தரையைக் கூட்டிவிட்டது. நீளம் பூச்சியம் என்றால் 05:30 என்று காட்டும். ஒரு பட்டியலில் வேலையே செய்யாதவர்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் விழுந்திருந்தால் காரணம் இதுவே.

உலகப் பொது நேரத்திலேயே காட்டும் ஜிஎம்டேட் போட்டால் 12:45 சரியாக வரும். அதைப் பார்த்துத் திருப்தியடைந்து நின்றுவிடுகிறார்கள். 24 மணித்தியாலத்தைத் தாண்டியதும் அது திரும்ப பூச்சியத்திலிருந்து தொடங்கும்: மாத மேலதிக நேரம் 27 மணித்தியாலம் 30 நிமிடம் என்றால் 03:30 என்று காட்டும். சம்பளப் பட்டியலில் ஒரு முழு நாள் காணாமல் போகும்.

சரியான வழி சாதாரணக் கணக்குதான். மொத்தச் செக்கனை, முழு எண்ணாக வகுக்கும் இன்ட்டிவ் மூலம் 3600ஆல் வகுத்தால் மணித்தியாலம். மீதியை 60ஆல் வகுத்தால் நிமிடம். எண்களை வடிவமைத்து எழுதும் ஸ்பிரின்ட்எஃப்பில் மணித்தியாலத்துக்கு நூற்றுவீதக் குறியும் டியும், நிமிடத்துக்கு நூற்றுவீதக் குறி, பூச்சியம், 2, டி. எதிர்மறை வரக்கூடும் என்றால், உதாரணமாகப் பஸ் நேரத்துக்கு முன்னால் வந்திருந்தால், குறியை முதலில் தனியாக எடுத்துவைத்துவிட்டு ஏபிஎஸ் போட்ட எண்ணை வகுங்கள். இல்லையென்றால் 20 நிமிடம் முந்தியது "0:-20" என்று வரும்.

இரண்டு நேரங்களுக்கு இடையில் டிஃப் எடுத்தால் கிடைக்கும் இடைவெளியிலும் இதே பொறி உண்டு. அதன் மணித்தியாலக் குறி, நாட்களைக் கழித்த மீதியை மட்டுமே தரும். மொத்த நாட்களை நூற்றுவீதக் குறியும் சிம்பிள் ஏயும் தரும். அதை 24ஆல் பெருக்கிக் கூட்டவேண்டும். இரண்டு கணங்களின் செக்கன் எண்ணை நேரே கழிப்பது அதைவிடச் சுலபம். திகதியில்லாமல் வெறும் மணியை மட்டும் கழித்தால் வாட்டல் உதாரணத்தில் விடை கழித்தல் 11:15. நள்ளிரவைத் தாண்டும் எதற்கும் திகதி வேண்டும்.

புள்ளி விஷயத்தில் மிகக் கவனம். நாம் 8.30 என்று எழுதினால் எட்டரை. கணக்குத்தாளில் 8.30 என்றால் எட்டும் பத்தில் மூன்றும், அதாவது 8 மணித்தியாலம் 18 நிமிடம். செக்ரோலில் (தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில்) 7.30 என்று எழுதியதை எக்செல் 7.3 ஆக எடுத்து மணித்தியாலக் கூலியால் பெருக்கினால் ஆளுக்கு 12 நிமிடம் போகும். ஆகவே மணிக்குப் புள்ளி இருக்கட்டும், மணித்தியாலத்துக்கு வேண்டாம். "7 மணித்தியாலம் 30 நிமிடம்" என்று நீட்டியே காட்டுங்கள். ஏற்றுமதிக் கோப்பில் நிமிடத்தை முழு எண்ணாக, 450 என்று கொடுங்கள். கால் மணித்தியாலத்துக்கு வட்டமாக்குவது போன்ற விதிகள் இருந்தால் அவற்றைக் கணக்கிடும் இடத்தில் செய்யுங்கள். காட்டும் இடத்தில் செய்தால் வரிகளின் கூட்டுத்தொகையும் அடியில் உள்ள மொத்தமும் ஒட்டாது. அதை விளக்கப் போகிறவர் நீங்கள்தான்.

1970 ஜனவரி 1, 05:30

இந்த நேரம் திரையில் தெரிந்தால், நேரம் என்று கொடுக்கப்பட்டது பூச்சியம் அல்லது பொய் என்ற மதிப்பு. பெரும்பாலும், திகதி எழுத்தை நேரமாக மாற்றும் ஸ்ட்ர்டுடைம் பங்ஷன் வாசிக்க முடியாமல் பொய் என்று திருப்பித் தந்திருக்கும். சாய்கோடு போட்ட திகதியை அது அமெரிக்க முறையில், மாதம் முதலில், வாசிக்கும். 14/04/2025 என்றால் பதினான்காம் மாதம் கிடையாது, தோல்வி. 05/04/2025 இன்னும் மோசம்: தோல்வியே இல்லாமல் மே 4 ஆகிவிடும். படிவத்திலிருந்து வரும் எதையும் கிரியேட்-ஃப்ரம்-போர்மட்டில், வடிவத்தைத் தெளிவாகச் சொல்லி வாசியுங்கள். வடிவத்தின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி போடாவிட்டால், திகதியை மட்டும் கொடுக்கும்போது அந்த நிமிடத்தின் கடிகார நேரம் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே நாளைக் குறிக்கும் இரண்டு மதிப்புகள் சமமில்லாமல் போகும்.

வெறுமையான களம் வேறு கதை. பிஎச்பி 8.0 முதல் டேட் பங்ஷனுக்கு நல் என்ற வெறுமையைக் கொடுத்தால் இப்போதைய நேரத்தைக் காட்டும். வேலை முடிந்த நேரம் இன்னும் பதியப்படாதவருக்கு, பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் "இப்போதுதான் முடித்தார்" என்று தெரியும். வெறுமையா என்று முதலில் பார்த்து, அப்படியென்றால் ஒரு கோடு மட்டும் போடுங்கள்.

பிழையின் அளவே இடத்தைச் சொல்லும்

ஐந்தரை மணித்தியாலம் பின்னால் என்றால் வலயம் மாற்றப்படவில்லை. ஐந்தரை முன்னால் என்றால் இரண்டு தரம் மாற்றப்பட்டிருக்கிறது: மைஎஸ்கியூஎல் ஒரு தரம், பிஎச்பி ஒரு தரம். பழைய பதிவுகளில் மட்டும் அரை மணித்தியாலம் பிசகினால் 19800. பிற்பகல் நேரங்கள் மட்டும் பன்னிரண்டு குறைந்தால் கெப்பிட்டல் எச்சுக்குப் பதில் சிம்பிள் எச். எல்லா வரியிலும் நிமிடம் ஒன்றேயானால் எம். "5 நிமிடத்துக்கு முன்" என்பது மணிக்கணக்கில் அப்படியே நின்றால் பக்கம் கேஷிலிருந்து (முன்பே சேமித்துவைத்த பிரதியிலிருந்து) வருகிறது. அந்தச் சொற்களை உலாவியில் கணக்கிடுங்கள், அல்லது நேரத்தையே காட்டுங்கள்.

சோதிக்கும்போது இப்போதைய நேரத்தை வைத்துப் பார்ப்பது போதாது. நள்ளிரவு 00:00, 00:05, அதிகாலை 05:29, 05:30, பகல் 12:00, 12:05, 13:00, இரவு 23:59 ஆகிய எட்டையும் கொடுத்துப் பாருங்கள். 05:29உம் 05:30உம் உலகப் பொது நேரத்தின் நாள் மாறும் இடம். அவற்றோடு ஒரு டிசம்பர் 31, 2001இல் ஒரு நாள், ஒரு வெறுமை. நீளத்துக்கு பூச்சியம், 59 நிமிடம், 24 மணித்தியாலம், 27 மணித்தியாலம் 30 நிமிடம், கழித்தல் 20 நிமிடம். எம், ஐ குழப்பத்தைப் பிடிக்க, மாத எண்ணாக இருக்கவே முடியாத ஒரு நிமிடத்தை எடுங்கள்: 8.47 நல்லது.